தடிமன் விடாத பிள்ளைக்கு டொனிக் வேண்டுமா?

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். மகனுக்கு 4 வயது. முன்பள்ளிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து அடிக்கடி தடிமன், இருமல். எதிர்ப்புச் சக்தி இல்லை, பாமசியில் டொனிக் வாங்கிக் கொடு என்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வாங்கத்தான் வேண்டுமா? – ஒரு தாய்

பதில்: வேண்டாம் தங்கச்சி. இந்த வயதில் வருஷத்துக்கு 6 முதல் 8 தடவை தடிமன் பிடிப்பது வழமைதான். முன்பள்ளியில் மற்றப் பிள்ளைகளிடமிருந்து வரும் கிருமிகளை அவன் உடம்பு இப்போதுதான் முதன்முதலாகச் சந்திக்கிறது. இடையில் நன்றாகச் சாப்பிட்டு, ஓடி விளையாடி, எடையும் கூடி வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. டொனிக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

நான் முதலில் கேட்பது, ரொட்டியோடு அவனுக்கு என்ன குடிக்கக் கொடுக்கிறீர்கள் என்பதைத்தான். நம் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தேத்தண்ணிதான். அந்தச் சாயம் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. இரும்புச்சத்துக் குறைந்தால் கிருமியோடு போராடும் தெம்பும் குறையும். இந்த வயதுக்குத் தேத்தண்ணியே தேவையில்லை. கொதித்தாறிய தண்ணீர் போதும். உடனே நிறுத்த முடியாவிட்டால், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் கொஞ்சமாகக் கொடுங்கள். கீரைச் சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விடுங்கள், இரும்புச்சத்து நன்றாகச் சேரும். கொய்யா கிடைத்தால் விடவே வேண்டாம். விட்டமின் சி தோடம்பழத்தைவிட அதில்தான் அதிகம்.

அடுத்தது அடுப்பு. மழை நாளில் ஈர விறகை வைத்துக் கதவையும் சாத்திவிட்டால் காம்பரா முழுக்கப் புகை. குளிருக்குப் பிள்ளையும் அடுப்படியிலேயே குந்திவிடும். மூச்சுக்குழாயில் சளியையும் கிருமியையும் வெளியே தள்ளுகிற மெல்லிய மயிரிழைகள் இருக்கின்றன. புகை பட்டுப்பட்டு அவை சரியாக வேலை செய்யாமல் போகும். அதனால்தான் இருமல் இழுத்துக்கொண்டே போகிறது. விறகை முன்கூட்டியே காயவைத்து, சமைக்கும்போது பின்கதவைத் திறந்து வையுங்கள். அவனுக்குச் சுவெட்டரைப் போட்டு இஸ்தோப்பில் விளையாட விடுங்கள். குளிர் காற்று பட்டால் தடிமன் வரும் என்று பயந்து அடைத்து வைக்காதீர்கள். தடிமனைத் தருவது கிருமி. அடைத்த அறைக்குள் அது இன்னும் சுலபமாகத் தொற்றும். வீட்டில் யாராவது பீடி, சிகரட் குடித்தால் தயவுசெய்து வெளியே போய்க் குடிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், சாப்பிட முன்னும் மலசலகூடம் போய் வந்த பின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள். பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 மணித்தியாலமாவது தூங்கட்டும். நீங்கள் விடியவே கொழுந்து எடுக்கப் போகிறவர், அவனையும் அந்நேரம் எழுப்ப வேண்டியிருக்கும். அதனால் இரவில் நேரத்தோடு படுக்க வையுங்கள்.

கிளினிக் கார்ட்டை எடுத்துப் பாருங்கள். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா வராமல் தடுக்க 3 வயதில் போடும் எம்.எம்.ஆர். இரண்டாவது ஊசி விடுபட்டிருந்தால் மிட்வைஃபிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள். எடைக் கோடு கீழே இறங்கியிருந்தாலும் அவரிடம் காட்டுங்கள். முன்பு டொக்டர் கொடுத்ததில் மிஞ்சிய அன்டிபயோட்டிக்கை நீங்களாகக் கொடுக்காதீர்கள். சாதாரணத் தடிமனுக்கு அது வேலை செய்யாது.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. அவன் அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்செடுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, நடுச்சாமம் என்றாலும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.