மிகுபுனைவு நாவல்களில் வரும் புதுச்சொற்களை நான் ஏன் ரசிக்கிறேன்?

இளையோருக்கான மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்களில் வரும் புதுச்சொற்கள் சுவை கூட்டுகின்றனவா, வாசிப்புக்கு இடைஞ்சலா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அவை பிடிக்கும். எல்லாச் சொற்களும் அல்ல.

நான் இராயபுரத்துக்காரன். காசிமேட்டு மீன் ஏலத்தில் சிறுவயது முதல் கேட்டுப் பழகிய ‘துட்டு’ என்ற சொல், டச்சுக்காரர்களின் செப்புக்காசு ஒன்றின் பெயரிலிருந்து வந்தது என்று பின்னாளில் அறிந்தேன். நமக்கு வடக்கே பழவேற்காட்டில் 17-ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டி வணிகம் செய்தவர்கள் போய்விட்டார்கள். அவர்களுடைய சில்லறை மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. கற்பனை உலகத்துச் சொல்லிலும் இப்படிப் பல கை மாறிய தேய்மானம் தெரிய வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு.

ஃபிலிப் புல்மன் 1995-இல் வெளியிட்ட ‘நார்தர்ன் லைட்ஸ்’ நாவலில் அது தெரிகிறது. லைரா என்ற சிறுமி வாழும் உலகில் மின்விளக்கு ‘அன்பாரிக்’ விளக்கு எனப்படுகிறது. நம் உலகின் ‘எலெக்ட்ரிசிட்டி’, தேய்த்தால் துரும்பை இழுக்கும் நிமிளை (ஆம்பர்) என்ற பிசின்கல்லுக்குக் கிரேக்கர்கள் இட்ட பெயரிலிருந்து பிறந்தது. புல்மனோ அதே கல்லுக்கு அரபு வழியாக வந்த பெயரைப் பிடித்துக்கொண்டார். (அந்த அரபுச் சொல் முதலில் குறித்தது, நம் செய்தித்தாள்கள் ‘திமிங்கல எச்சம்’ என்று எழுதும் அம்பர்கிரீஸை.) அறிவியல் அங்கே வேறு வாசல் வழியாக நுழைந்திருக்கிறது என்பதை அந்த ஒரு சொல்லே உணர்த்திவிடுகிறது. இயற்பியலுக்கு அங்கே ‘சோதனை இறையியல்’ என்று பெயர். திருச்சபையின் பிடி இன்னும் தளரவில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்ல முடியும்?

மாறாக, வாயில் நுழையாத பெயர்களை அடுக்கிவிட்டு, கடைசிப் பக்கத்தில் அருஞ்சொற்பொருள் கொடுக்கும் நாவல்களை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

உர்சுலா லெ குவின் 1968-இல் தொடங்கிய எர்த்ஸீ நாவல் வரிசையில் புதுச்சொற்களைக் காட்டிலும் பெயர் பற்றிய விதியே முதன்மையானது. ஒருவரின் மெய்ப்பெயரை அறிந்தவர் அவர்மீது ஆற்றல் பெறுவார். ஆகவே கெட் என்ற மந்திரவாதி, நம்பிக்கைக்கு உரியவர்களைத் தவிர மற்றவர்களுக்கு ஒரு பறவையின் பெயராலேயே அறிமுகமாகிறான். இது எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை. எங்கள் தெருவில் பட்டப்பெயரால் மட்டுமே நான் அறிந்திருந்த ஒரு பெரியவரின் மெய்ப்பெயரை, அவருடைய மகளின் கல்யாணப் பத்திரிகையில்தான் முதன்முதலாகப் படித்தேன்.