ஸ்ட்ரீட் ட்ரையல்ஸ் கேள்வி-பதில்: ஃப்ரேம், சக்கரம், பிரேக்

ஸ்ட்ரீட் ட்ரையல்ஸ் என்றால் தெருவில் இருக்கும் சுவர், படி, விளிம்புகளில் துள்ளியும் சுழன்றும் வித்தை செய்யும் சைக்கிள் விளையாட்டு. இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதற்கான முதல் சைக்கிள் வாங்குவது பற்றித்தான். சந்தோஷம். ஆனால் ஒரு வேண்டுகோள். உங்கள் உயரம், எடை, இப்போது என்ன சைக்கிள் ஓட்டுகிறீர்கள், அதில் என்னென்ன செய்ய வருகிறது, இந்த நாலையும் எழுதாமல் "எனக்கு எது நல்லது?" என்று ஒற்றை வரியில் கேட்டால் பதில் சொல்ல வழியே இல்லை. அப்படி வந்தவற்றை எடுக்கவில்லை.

கேள்வி: உயரம் 172 செ.மீ., எடை 65 கிலோ. மலைச் சைக்கிளில் பன்னி ஹாப் (சைக்கிளோடு துள்ளித் தாண்டுவது) ஓரளவு வரும். 24 அங்குலச் சக்கரமா, 26 அங்குலமா?

பதில்: 24. பன்னி ஹாப், மேனுவல் (மிதிக்காமல் பின் சக்கரத்தில் உருள்வது), 180 (துள்ளி அரைச் சுற்றுத் திரும்புவது), பின் சக்கரத்தில் நின்று துள்ளுவது என்று நீங்கள் முதலில் பழகப்போகும் எல்லாமே முன்பக்கத்தைச் சட்டென்று தூக்குவதில்தான் தொடங்குகின்றன. 24 ஸ்ட்ரீட் ஃப்ரேமில் செயின்ஸ்டே (பெடல் அச்சிலிருந்து பின் சக்கர அச்சு வரை போகும் குழாய்) 365 மி.மீ. சுற்றி இருக்கும், வீல்பேஸ் (இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம்) ஒரு மீட்டரை ஒட்டி அல்லது கொஞ்சம் குறைவாக. 26-இல் செயின்ஸ்டே 380 பக்கம் போகும், வீல்பேஸ் ஒரு மீட்டரைத் தாண்டும். செயின்ஸ்டேயை எண்ணாகப் பார்த்தால் ஒன்றரை சென்டிமீட்டர்தான். ஆனால் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுக்கும்போது அந்த ஒன்றரை சென்டிமீட்டர் உங்கள் முதுகுக்குத் தெரியும்.

26 மோசம் என்று சொல்லவில்லை. வேகம் விடாமல் உருளும், விளிம்புகளில் ஏறும்போது முட்டல் குறைவு, டயர் வகையும் நிறைய. 180 செ.மீ.க்கு மேல் உயரம் உள்ளவர்கள் 24-இல் குறுகி நிற்பதைவிட 26-இல் நிமிர்ந்து ஓட்டலாம். ஸ்ட்ரீட் ட்ரையல்ஸ் வீரர் டேனி மெக்கஸ்கில் 2009-இல் உலகம் முழுக்கப் பரவிய காணொளியில் ஓட்டியதும் 24 தான். அதற்குப் பிறகே பலர் இந்த அளவைத் தேட ஆரம்பித்தார்கள். அவர் ஓட்டுகிறார் என்பதற்காக வாங்க வேண்டாம், உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிறது என்பதற்காக வாங்குங்கள்.

கேள்வி: 24 ஃப்ரேமில் 26 சக்கரம் போடலாமா? டிஸ்க் பிரேக் என்பதால் பிரச்சினை இல்லை என்கிறார் நண்பர்.

பதில்: பிரேக்குக்குப் பிரச்சினை இல்லை, ஃப்ரேமுக்கு இருக்கிறது. இரண்டு பக்கமும் போட்டால், டயர் பின்னால் செயின்ஸ்டேயில் இடிக்காமல் நுழைந்தாலே அதிர்ஷ்டம். நுழைந்தாலும் சைக்கிள் முழுக்க இரண்டரை செ.மீ. உயர்ந்துவிடும். முன்னால் மட்டும் போட்டால் ஹெட் ஆங்கிள் (ஹேண்டில் தண்டின் சாய்வு) ஒரு டிகிரிக்கு மேல் பின்னால் சாயும், முன்பக்கம் சோம்பலாகத் திரும்பும். 26 வேண்டுமானால் 26 ஃப்ரேம் வாங்குங்கள்.

கேள்வி: "24" என்று போட்டிருந்த டயரை வாங்கினேன். ரிம்மில் ஏறவே மாட்டேன் என்கிறது. டயரில் குறையா?

பதில்: டயரில் குறை இல்லை. 24 என்ற பெயரில் 507, 520, 540, 547 என்று நாலு ரிம் அளவுகள் (மி.மீ. விட்டம்) உண்டு. ட்ரையல்ஸுக்கு வேண்டியது 507. டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும். 26-க்கு 559. பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த எண்ணைப் படியுங்கள்.

கேள்வி: ஒரு பழைய போட்டி ட்ரையல்ஸ் ஃப்ரேம் கிடைக்கிறது. சீட் இல்லை, தூக்கினால் இறகு மாதிரி இருக்கிறது. விற்பவர் "ஸ்ட்ரீட்டுக்கும் அருமையாக இருக்கும்" என்கிறார். எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். இதே கேள்வியை வேறு மூன்று பேரும் அனுப்பியிருக்கிறார்கள், அதனால் நால்வருக்கும் சேர்த்து விரிவாகச் சொல்கிறேன்.

போட்டி ட்ரையல்ஸ் தனி விளையாட்டு. 1986-இலிருந்து உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது, 20 அங்குலத்துக்கும் 26 அங்குலத்துக்கும் தனித்தனிப் பிரிவு. அந்தச் சைக்கிள் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: கால் தரையில் படாமல் பின் சக்கரத்தில் துள்ளித் துள்ளித் தடைகளைக் கடப்பது. அதற்காகவே பெடல்கள் இருக்கும் பாட்டம் பிராக்கெட்டை சக்கர அச்சுக்கு 50 மி.மீ. மேலே வைப்பார்கள், சில ஃப்ரேம்களில் 80 வரைகூடப் போகும். பின் சக்கரத்தில் நிற்பவருக்கு அது வரம். உருண்டுபோய் ஹாப் அடிப்பவருக்கும், சுழன்று இறங்குபவருக்கும், மேனுவல் பழகுபவருக்கும் அது தொல்லை. சைக்கிளுக்கு உள்ளே நிற்காமல் அதன் தலையில் நிற்பதுபோல் இருக்கும். ஸ்ட்ரீட் ஃப்ரேமில் பாட்டம் பிராக்கெட் அச்சின் மட்டத்திலோ, அதற்கு மேல் அதிகபட்சம் 30 மி.மீ. வரையிலோ இருக்கும். நீங்கள் பார்த்து ஆசைப்பட்ட வித்தைகளெல்லாம் அந்த உயரத்தில்தான் வருகின்றன.

அடுத்தது எடை. போட்டி சைக்கிள் முழுசாக 7 முதல் 9 கிலோ, ஸ்ட்ரீட் சைக்கிள் 10 முதல் 12. அந்த மூன்று கிலோ சும்மா வந்ததல்ல. குழாயின் சுவர் கனத்தில் இருக்கிறது. ஸ்ட்ரீட்டில் நீங்கள் இரண்டு சக்கரமும் ஒன்றாகத் தரையில் அறைய இறங்குவீர்கள், பாதிச் சுழற்சியில் கோணலாக இறங்குவீர்கள், சைக்கிளைக் கை நழுவ விடுவீர்கள், அது கல் விளிம்பில் விழும். மெல்லிய குழாயில் அப்படி ஒரு பள்ளம் விழுந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

சீட் இல்லாததைச் சிலர் பெருமையாகப் பேசுகிறார்கள். போட்டியில் சீட்டுக்கு வேலையே இல்லை. ஸ்ட்ரீட்டில் சுழலும்போது முழங்கால் அணைக்க அது வேண்டும், ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகும்போது உட்காரவும் வேண்டும். அப்புறம், பழைய போட்டி ஃப்ரேம்கள் பலவற்றில் பின் ஹப் (சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றியிருக்கும் பகுதி) அகலம் 116 மி.மீ. நல்ல டிஸ்க் ஹப்கள் பெரும்பாலும் 135-க்குத்தான் கிடைக்கும். இடதுபக்கம் காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பகுதி) மாட்ட இடமே இல்லாத ஃப்ரேம்களும் உண்டு. "வெல்டு வைத்து ஒரு பிடி ஒட்டிக்கொள்ளலாம்" என்று விற்பவர் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இதுதான். நல்ல ஆர்வத்தோடு வரும் ஒருவர், தெரியாமல் இப்படி ஒரு ஃப்ரேமை வாங்கி, மாதக்கணக்கில் பன்னி ஹாப் வராமல் தவித்து, "நமக்கு வராது போல" என்று விட்டுவிடுகிறார். விற்றவருக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். போட்டி ட்ரையல்ஸ் ஓட்ட ஆசையா, தாராளமாகப் போட்டி ஃப்ரேம் வாங்குங்கள், அது அற்புதமான விளையாட்டு. ஸ்ட்ரீட் வேண்டுமென்றால் ஸ்ட்ரீட் ஃப்ரேம்தான்.

பழைய ஃப்ரேம் எதுவானாலும் ஹெட் டியூபுக்கு (ஹேண்டில் தண்டு நுழையும் முன் குழாய்) பின்னால் டவுன் டியூபின் (அங்கிருந்து பெடல் பக்கம் இறங்கும் குழாய்) அடிப்பக்கத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பெயின்ட்டில் மயிரிழை போன்ற கோடு தெரிந்தால் விரிசல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டம் பிராக்கெட்டில் செயின்ஸ்டே சேரும் இடத்தையும், காலிப்பர் பிடியைச் சுற்றியும் பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்த பழைய ஃப்ரேம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஸ்டீலா, அலுமினியமா?

பதில்: இரண்டிலும் நல்ல ஃப்ரேம்கள் இருக்கின்றன. ஸ்டீல் கொஞ்சம் கனம், அடி தாங்கும், விரிசல் விட்டாலும் பெரும்பாலும் மெதுவாக விடும். அலுமினியம் லேசு, விறைப்பு. ஆனால் ஆயுள் எண்ணப்பட்டது. நன்றாக ஓட்டும் ஒருவர் அலுமினிய ஃப்ரேமைச் சில வருடங்களில் மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: அலுமினிய ஃப்ரேமில் ஹெட் டியூப் பக்கம் சின்ன விரிசல். வெல்டு வைத்து ஓட்டலாமா?

பதில்: கூடாது. வெல்டின் சூடு சுற்றியுள்ள அலுமினியத்தை மென்மையாக்கிவிடும். ஃப்ரேம் முழுவதையும் முறைப்படி மறுபடி சூட்டுப் பதம் செய்தால்தான் பழைய பலம் திரும்பும், அதை யாரும் செய்து தரப்போவதில்லை. ஹெட் டியூப் உடைந்தால் நீங்கள் முகம் குப்புற விழுவீர்கள். ஃப்ரேமை அறுத்துப் போடுங்கள், இன்னொருவர் கைக்குப் போகக் கூடாது.

கேள்வி: டிஸ்க் பிரேக்கா, ரிம் பிரேக்கா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: ஸ்ட்ரீட்டுக்கு இரண்டு பக்கமும் ஹைட்ராலிக் டிஸ்க். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மகுரா எச்.எஸ். 33 போன்ற ஹைட்ராலிக் ரிம் பிரேக் சக்கரத்தை அதன் ஓரத்திலேயே பிடிக்கிறது. அதனால் பிடித்தால் கல்லாக நிற்கும். டிஸ்க் நடுவில் பிடிக்கிறது. ரிம்முக்கும் ரோட்டருக்கும் (டிஸ்க் தட்டு) நடுவே ஸ்போக்குகள் இருக்கின்றன, காலிப்பருக்குள் பேட் உட்கார இடைவெளி இருக்கிறது. பின் சக்கரத்தில் நின்று முன்னும் பின்னும் ஆடிப் பாருங்கள், ஒரு நூல் அளவு அசைவு காலுக்குத் தெரியும். உயரமான இடத்துக்குத் துள்ளும் போட்டி வீரர்களில் சிலர் பின்னால் ரிம் பிரேக்கை விடாமல் வைத்திருப்பது இதனால்தான்.

ஆனால் அந்தப் பிடி சும்மா வராது. ரிம்மின் பக்கத்தை கிரைண்டரால் சாய்ந்த கோடுகளாக உராய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும், தேயத் தேயத் திரும்பச் செய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும் ரிம் சுவர் மெலியும். சக்கரமும் நேராகவே இருக்க வேண்டும். ஸ்ட்ரீட்டில் ஒரு 180-ஐ அரைகுறையாக முடித்துக் கோணலாக இறங்கினாலே சக்கரம் கோணும், பேட் ரிம்மில் உரசும், அன்றைய ஓட்டம் முடிந்தது. டிஸ்க்குக்கு அந்தக் கவலை இல்லை, ஸ்போக்கை வீட்டுக்குப் போய் நேராக்கிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் பேட் டயரைத் தொடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டை அறுத்துவிடும்.

கேள்வி: 160 மி.மீ. ரோட்டர் போதுமா, 180 போடவா?

பதில்: 160 போதும். சக்கரம் சின்னதாக இருப்பதால் பிடி தானாகக் கூடுகிறது; 24-இல் 160 ரோட்டர், 29 சக்கரத்தில் 190 போட்டதற்குச் சமம். பெரிய ரோட்டர் தரைக்கு நெருக்கமாக வரும், விளிம்பில் இடித்து வளையும்.

கேள்வி: புது டிஸ்க் பிரேக், புது பேட். இரண்டு வாரமாகப் பிடிக்கவே இல்லை, கீச்சென்று கத்துகிறது. செயினுக்கு ஸ்ப்ரே எண்ணெய் அடித்தேன், அவ்வளவுதான். பிரேக் கம்பெனியை மாற்றலாமா?

பதில்: பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. செயினுக்கு ஸ்ப்ரே அடித்தீர்கள், அது ரோட்டரில் படிந்தது, பேட் குடித்துவிட்டது. பிரேக் மேல் குற்றமில்லை. ரோட்டரை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, புது பேட் போடுங்கள். எண்ணெய் குடித்த பேடைத் தேய்த்தாலும் சுட்டாலும் பழையபடி ஆகாது. பிறகு வேகமாகப் போய் மெதுவாகப் பிடித்து, முழுசாக நிறுத்தாமல், இருபது முப்பது தடவை செய்யுங்கள். புது பேட் அப்போதுதான் ரோட்டரோடு பழகும். எண்ணெயைச் செயினில் சொட்டாக விட்டுத் துணியால் துடையுங்கள். ஸ்ப்ரே டப்பா டிஸ்க் சைக்கிள் பக்கமே வரக் கூடாது.

பேட் வாங்கும்போது ரெசின் வகையை எடுங்கள். மெட்டல் பேடுக்குச் சூடு ஏற வேண்டும். ட்ரையல்ஸில் பிரேக் சூடாவதே இல்லை.

கேள்வி: மகுரா பிரேக்குக்குள் டாட் 5.1 பிரேக் திரவம் ஊற்றலாமா? கையில் அதுதான் இருக்கிறது.

பதில்: கூடாது. மகுராவுக்கு மினரல் ஆயில், ஹோப் பிரேக்குக்கு டாட். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல்கள் கெட்டுவிடும்.

கேள்வி: செயினை இறுக்கும்போதெல்லாம் பின் டிஸ்க் உரச ஆரம்பிக்கிறது. ஏன்?

பதில்: உங்கள் ஃப்ரேமில் பின் சக்கரம் நீளவாட்டு டிராப்அவுட்டில் (அச்சு உட்காரும் நீண்ட பிளவில்) இருக்கிறது. செயின் தளரும்போது சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கிறீர்கள், ரோட்டர் கூடவே போகிறது, காலிப்பர் இருந்த இடத்திலேயே நிற்கிறது. முதலில் காலிப்பர் போல்ட் இரண்டையும் தளர்த்துங்கள். இரண்டு பக்கத் திருகையும் சம அளவு திருப்பிச் செயினை இறுக்குங்கள். அச்சைப் பூட்டுங்கள். பிறகு பிரேக் லீவரை அழுத்திப் பிடித்தபடியே காலிப்பர் போல்ட்டுகளை மாறி மாறி இறுக்குங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. காலிப்பரை நகர்த்த ஃப்ரேமில் நீண்ட துளை இருக்கிறதா என்பதை வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

இறுக்கும்போது சுற்றும் செயின் பக்கம் விரல் போகக் கூடாது. குறிப்பாக, ஃப்ரீவீல் (மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுற்றவிடும் பகுதி) பின் ஹப்பில் இல்லாமல் முன்னால் கிராங்கில் (பெடல் தண்டில்) இருந்தால்.

கேள்வி: ஃப்ரீவீல் முன்னால் கிராங்கில் இருப்பது நல்லதா, பின்னால் ஹப்பிலா?

பதில்: ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால். முன்னால் இருந்தால், நீங்கள் மிதிக்காதபோதும் சக்கரம் சுற்றும்வரை செயின் ஓடிக்கொண்டே இருக்கும். பேன்ட், ஷூ கயிறு, விரல் எதையும் இழுத்துக்கொள்ளும். திரும்பச் சொல்கிறேன், விரல் போனவர்கள் இருக்கிறார்கள். பின் ஹப் வாங்கும்போது மிதித்தவுடன் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஒரு சுற்றில் 70 இடத்துக்கு மேல் பிடித்தால் போதும்.

கேள்வி: பி.எம்.எக்ஸ். ஓட்டுபவர்கள் மாதிரி முன் பிரேக்கைக் கழற்றிவிடலாமா?

பதில்: முன் சக்கரத்தில் நிற்பது, அதில் திரும்புவது எல்லாம் போய்விடும். பாதி விளையாட்டையே கழற்றுகிறீர்கள். வேண்டாம்.

கேள்வி: டயரில் எவ்வளவு காற்று?

பதில்: 2.4 அங்குல டயர், 65 கிலோ ஆள் என்றால் பின்னால் 30 முதல் 35 பி.எஸ்.ஐ., முன்னால் அதைவிடக் கொஞ்சம் குறைவாக. விளிம்பில் இறங்கும்போது ரிம் தரையில் இடிக்கும் சத்தம் கேட்டால் இரண்டு ஏற்றுங்கள்.

கேள்வி: பையனுக்கு 11 வயது, 140 செ.மீ. 24 வாங்கினால் வளர்ந்தபிறகும் ஆகும் அல்லவா?

பதில்: வளர்ந்தபிறகு ஆகும், இப்போது ஆகாது. 20 அங்குலம் வாங்குங்கள். இந்த வயதில் ஃப்ரேமைவிட பிரேக் லீவர்தான் முக்கியம். ஹேண்டிலைப் பிடித்தபடி ஒற்றை விரல் லீவரின் நுனிக்கு எட்ட வேண்டும். ரீச் திருகைத் (லீவரின் தூரத்தை மாற்றும் திருகு) திருப்பி லீவரைக் கிட்டே கொண்டுவரலாம். லீவரை ஹேண்டிலில் பிடித்திருக்கும் பட்டையின் போல்ட்டை முழுசாக இறுக்காதீர்கள். கையால் பலமாகத் தள்ளினால் சுழல வேண்டும், விழுந்தால் உடையாது. பழைய ஃப்ரேமாக இருந்தால், மேலே சொன்னபடி ஹெட் டியூபுக்குப் பின்னால் தடவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.