எந்தக் கடற்கரைக்குப் போகலாம்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடலோர நகரங்களுக்குச் சுற்றுலா செல்லத் திட்டமிடும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில், பலரும் பொதுவாகக் கேட்டிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன்.

கேள்வி: ஒரு கடலோர நகரத்தில் குடும்பத்தோடு சில நாட்கள் தங்கப்போகிறோம். சுற்றிலும் ஏழெட்டுக் கடற்கரைகள் இருக்கின்றன. ‘சிறந்த கடற்கரைகள்’ என்று ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள். எதை நம்பித் தேர்ந்தெடுப்பது?

பட்டியல்களை ஓரமாக வைத்துவிட்டு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, திறந்த கடலை நேரே எதிர்கொள்கிறதா அல்லது குடாவுக்குள் ஒதுங்கியிருக்கிறதா, அருகில் ஆற்று முகத்துவாரமோ துறைமுகமோ இருக்கிறதா என்பவற்றை வரைபடமே சொல்லிவிடும். கரையை நெருங்கும் அலைகள் ஆழம் குறையும் இடத்தில் வளைந்து திரும்புவதால், அவற்றின் ஆற்றல் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனைகளில் குவிகிறது. குடாக்களுக்குள் அதே ஆற்றல் பரவித் தணிந்துவிடுகிறது. ஆகவே, ஒரே நகரத்தில், ஒரே நாளில், சில கிலோமீட்டர் இடைவெளியில் முற்றிலும் வேறுபட்ட இரண்டு கடல்களை நீங்கள் பார்க்க முடியும்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நகரத்தின் அட்லாண்டிக் பக்கத்தில் கிளிஃப்டன், கேம்ப்ஸ் பே போன்ற பெயர்பெற்ற கடற்கரைகள் உள்ளன. கோடையில் வீசும் தென்கிழக்குக் காற்று அங்கே மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. அதனால், வெயில் சுட்டெரிக்கும் நாளிலும் கடலில் கால் வைத்தால் உடம்பு சிலிர்க்கும். நகரத்தின் மறுபுறம், ஃபால்ஸ் பே என்னும் குடாவில் இருக்கும் மியூசன்பெர்க் கடற்கரையிலோ நீர் கோடையில் இதமாக இருக்கும். ஆழம் மெல்ல மெல்லத்தான் கூடும் என்பதால், அலைச்சறுக்குப் பழகுபவர்கள் அங்கேதான் கூடுகிறார்கள். ஆனால், அதே தென்கிழக்குக் காற்று மியூசன்பெர்க்கில் முகத்தில் மணலை வாரியடிக்கும் நாளில், மலை மறைப்பில் இருக்கும் கிளிஃப்டனில் காற்றின் வேகம் பெரிதும் குறைந்திருக்கும். நீந்த வேண்டும் என்பவருக்கு ஒன்று, மணலில் படுத்து வெயில் காய வேண்டும் என்பவருக்கு மற்றொன்று. இவற்றில் எது ‘முதலிடம்’ என்று கேட்பதில் பொருளே இல்லை.

எனவே, போகிறவர்கள் யார், அங்கே என்ன செய்ய விரும்புகிறார்கள் என்பதை முதலில் வீட்டிலேயே பேசி முடிவுசெய்யுங்கள். கடலில் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு கிழக்கு நோக்கிய கரையில் மாலை முழுவதும் காத்திருப்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

கேள்வி: ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏற்ற கடற்கரையைக் கண்டுகொள்வது எப்படி?

கரையில் இறங்கியதும் மணலை ஒரு கை அள்ளிப் பாருங்கள். மாவுபோல் நுண்ணிய மணல் என்றால் கரை பெரும்பாலும் தட்டையாகவும், பருமணலோ கூழாங்கற்களோ என்றால் செங்குத்தாகவும் அமைந்திருக்கும். பருமணலில் ஏறிவரும் நீர் உடனே உள்ளே இறங்கிவிடுவதால், திரும்பிச் செல்லும் நீருக்கு மணலை இழுத்துச் செல்லும் வலு இருப்பதில்லை. மணல் மேலேயே தங்கித் தங்கி மேடாகிறது. நுண்மணலில் நீர் எளிதில் இறங்காததால், திரும்பும் நீர் மணலையும் கூட்டிச் சென்று கரையைத் தட்டையாக்கிவிடுகிறது.

இந்தச் சரிவுதான் அலை எப்படி உடைகிறது என்பதையும் தீர்மானிக்கிறது. தட்டையான கரையில் அலை தொலைவிலேயே நுரைத்துச் சரிந்து, கணுக்கால் அளவு நீராக வந்து சேரும். செங்குத்தான கரையில் அது காலடிக்கு வரும்வரை உடையாமல் வந்து, மொத்தமாகச் சுருண்டு மணலில் அறையும். இத்தகைய அலை, முழங்கால் அளவு நீரில் நிற்பவரையும் தலைகுப்புறக் கவிழ்த்துக் கழுத்தையும் தோளையும் காயப்படுத்தக்கூடியது. கரையோரத்திலேயே ‘தொப்’ என்ற ஓசையோடு அலை விழுந்துகொண்டிருந்தால், அந்த இடம் குழந்தைகளுக்கு உகந்ததல்ல. அங்கே மணல் வீடு கட்டி விளையாடட்டும், நீரில் இறங்க வேண்டாம்.

காற்றடைத்த மிதவைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது கரையோர நீர் கண்ணாடிபோல் அமைதியாகத் தெரியும். பெற்றோருக்கும் அச்சம் விட்டுப்போகும். அந்த நேரத்தில்தான் மிதவையில் அமர்ந்திருக்கும் குழந்தையைக் காற்று சிறிது நேரத்தில் ஆழத்துக்குத் தள்ளிச் சென்றுவிடும். மிதவைகள் நீச்சல் குளத்துக்கு உரியவை. கடலில் சிறு குழந்தை உங்கள் கை எட்டும் தொலைவிலேயே இருக்க வேண்டும்.

கேள்வி: அலைகள் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்த ஒரு கடற்கரையில், நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாக இருந்தது. பாதுகாப்பான இடம் என்று நினைத்து இறங்கிய என்னை நீர் உள்ளே இழுத்தது. அருகில் இருந்தவர்கள் கரை சேர்த்தார்கள். என்ன நடந்தது?

நீங்கள் இறங்கிய இடம், கரையிலிருந்து கடலுக்குள் பாயும் இழுப்பு நீரோட்டம். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவிக்கும் நீர் எப்படியாவது திரும்பிச் சென்றாக வேண்டும். கரைக்குச் சற்று அப்பால் நீருக்கடியில் மணல் திட்டுகள் இருந்தால், அவற்றுக்கு இடையே உள்ள தாழ்வான வாய்க்கால் வழியே அது ஒன்றுதிரண்டு வெளியேறுகிறது. அந்த வாய்க்காலில் ஆழம் கூடுதல் என்பதால் அலைகள் அங்கே உடைவதில்லை; அதனால்தான் ஆபத்தான இடமே அமைதியான இடமாகத் தோற்றமளிக்கிறது. இந்த ஓட்டத்தின் வேகம் பெரும்பாலும் நொடிக்கு அரை மீட்டர் அளவில்தான் இருக்கும் என்றாலும், சில வேளைகளில் நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். ஒலிம்பிக் நீச்சல் வீரரும் அதை எதிர்த்து நீந்திக் கரை சேர முடியாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, வந்தவுடன் நீரில் இறங்காமல், சற்று மேடான இடத்தில் பத்து நிமிடம் நின்று கடலைப் பார்ப்பதுதான். இருபுறமும் வெள்ளை நுரையோடு அலைகள் உடைந்துகொண்டிருக்க, நடுவே நுரையில்லாத ஒரு பட்டை கருமையாகத் தெரிகிறதா? அந்தப் பட்டையின் மேற்பரப்பு சிறு சிறு சுருக்கங்களாக நெளிகிறதா? மணல் கலங்கிய நீரோ, நுரைத் துணுக்குகளோ, பாசியோ கரைக்கு வராமல் கடலை நோக்கி நகர்கின்றனவா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அங்கே இறங்காதீர்கள். தூண்டில் வளைவு (கரையரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் கற்சுவர்), படகுத்துறை, பாறை முனை ஆகியவற்றை ஒட்டிய இடங்களில், கரையோடு ஓடிவரும் நீர் தடுக்கப்பட்டுக் கடலை நோக்கித் திரும்புவதால், இந்த ஓட்டம் அடிக்கடி உருவாகும். கற்சுவரின் ஓரத்தில் அலை குறைவாக இருக்கிறதே என்று அங்கே குளிப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதற்றமாகத்தான் இருக்கும்.

சிக்கிக்கொண்டவர் செய்ய வேண்டியது, முதலில் மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொள்வது. இந்த நீரோட்டம் ஒருவரைக் கீழே அமிழ்த்துவதில்லை; வெளியே இழுத்துச் செல்கிறது, அவ்வளவே. அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்திக் களைத்துப்போவதால்தான் உயிர்கள் போகின்றன. ஓட்டத்தின் அகலம் பொதுவாகச் சில பத்து மீட்டர்களே என்பதால், நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலைகள் உடையும் பகுதியை அடைந்து, அலைகளோடு சேர்ந்து கரைக்குத் திரும்பலாம். முடியாதவர் கையை உயர்த்திக் காட்டியபடி மிதந்துகொண்டிருக்க வேண்டும். கரையில் இருப்பவர்கள் உணர்ச்சிவசப்பட்டுக் குதிக்காமல், மிதக்கக்கூடிய எதையாவது வீசிவிட்டு உயிர்காப்பு வீரரை அழைக்க வேண்டும். காப்பாற்றப் போனவர் மூழ்கிய செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன.

உங்களுடைய கடிதத்தில் உயிர்காப்பு வீரரைப் பற்றிய பேச்சே இல்லை. இரண்டு கடற்கரைகளுக்கு இடையே தயங்கினால், உயிர்காப்பு வீரர் பணியில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மேற்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமான கொடிகள் இரண்டு நட்டிருந்தால், அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி அவர்களுடைய கண்காணிப்பில் உள்ளது என்று பொருள். ஒற்றைச் சிவப்புக் கொடி கடும் ஆபத்தைக் குறிக்கும். இரட்டைச் சிவப்புக் கொடி பறந்தால் நீரில் இறங்கவே கூடாது. ஊதா நிறக் கொடி, கொட்டக்கூடிய ஜெல்லி மீன் போன்ற கடல் உயிரினங்கள் இருப்பதைக் காட்டுவது.

கேள்வி: விடுதிக்கு எதிரிலேயே, நகரத்துக்குள் ஒரு கடற்கரை இருக்கிறது. அங்கேயே குளித்துக்கொள்ளலாமா?

நடக்கலாம், காற்று வாங்கலாம். குளிப்பதற்கு முன் மழைநீர் வடிகாலோ, கால்வாயோ, ஆறோ எங்கே கடலில் கலக்கிறது என்று பார்த்துவிடுங்கள். நகரத்தின் தெருக்களைக் கழுவிக்கொண்டு வரும் முதல் மழைநீரில் கழிவுநீரும் கலந்திருக்கக்கூடும் என்பதால், கனமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாட்களுக்கு இத்தகைய இடங்களில் குளிக்காமல் இருப்பது நல்லது. நீர் தெளிவாக இருப்பது தூய்மைக்குச் சான்றாகாது. நோய்க்கிருமிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பல நாடுகளில் எஸ்செரிச்சியா கோலை, என்டரோகாக்கஸ் என்னும் இரு வகைப் பாக்டீரியாக்களின் எண்ணிக்கையைக் கொண்டு குளிக்கும் நீரை மதிப்பிட்டு, முடிவுகளை வெளியிடுகிறார்கள். அந்த முடிவுகள் கிடைக்கும் நகரமானால், சுற்றுலா விளம்பரத்தைவிட அவற்றையே நம்புங்கள்.

குடாவுக்குள் ஒதுங்கிய கரைகளில் அலை குறைவு என்று மேலே சொன்னேன். அதன் மறுபக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும்: அலை குறைந்த இடத்தில் நீர் மாறுவதும் மெதுவாகவே நடக்கும். ரியோ டி ஜெனிரோவில் குவானபாரா குடாவுக்குள் இருக்கும் கரைகள் நீண்ட காலமாகக் கழிவுநீரால் பாதிக்கப்பட்டிருக்க, திறந்த கடலைப் பார்த்த கோபகபானாவும் இபனெமாவும் குளிப்பவர்களின் கூட்டத்தை ஈர்த்துவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ‘நீலக்கொடி’ பெற்ற கடற்கரை என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாமா?

கண்ணைத் திறந்துகொண்டு போகலாம். 1985இல் பிரான்சில் தொடங்கி, 1987இல் ஐரோப்பிய அளவில் விரிந்து, பின்னர் பிற கண்டங்களுக்கும் பரவிய இந்தச் சான்றிதழை, டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் அலுவலகம் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை வழங்குகிறது. நீரின் தரம், கழிப்பறை, குப்பை மேலாண்மை, பாதுகாப்பு ஏற்பாடுகள், தகவல் பலகை எனப் பல அளவுகோல்கள் பார்க்கப்படுகின்றன. கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் முக்கியம் என்று கருதும் குடும்பத்துக்கு இது மிகப் பயனுள்ள அடையாளம். ஆனால், சான்றிதழ் ஒரு பருவத்துக்கு மட்டுமே உரியது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். மேலும், அன்றைய அலையையும் நீரோட்டத்தையும் பற்றி அந்தக் கொடி எதுவும் சொல்வதில்லை.

கேள்வி: கடற்கரைக்குப் போக ஏற்ற நேரம் எது?

காலை. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால், முற்பகலுக்குப் பிறகு கடற்காற்று வலுத்து, பிற்பகலில் நீரைக் கலக்கிவிடும். காலையில் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். வாகனம் நிறுத்தவும் இடம் கிடைக்கும். வெயிலைப் பொறுத்தவரை, நிழற்குடைக்குள் அமர்ந்துவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். உலர்ந்த கடற்கரை மணல் புற ஊதாக் கதிர்களில் சுமார் 15 விழுக்காட்டையும், கடல் நுரை சுமார் 25 விழுக்காட்டையும் திருப்பி வீசுகின்றன.

நேரத்தோடு ஏற்ற வற்றத்தையும் பாருங்கள். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு மிகுதியாக இருக்கும். மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் இது கவனிக்கத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது. கனடாவின் ஃபண்டி குடாவிலோ 16 மீட்டர் வரை செல்கிறது. பாறைக் குட்டைகளில் நண்டையும் நட்சத்திர மீனையும் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டுமானால் வற்றம் வேண்டும்.

கேள்வி: மூட்டு வலியுள்ள என் தாயாரால் மணலில் நடக்க முடியாது. அவரை அழைத்துச் செல்வது எப்படி?

நுண்மணல் கொண்ட தட்டையான கரையில், கடல் வற்றியிருக்கும் நேரத்தில் செல்லுங்கள். அப்போது வெளிப்படும் ஈர மணல் இறுகிக் கெட்டியாக இருக்கும், கால் புதையாது. ஆனால், அந்த ஈர மணல்வரை போய்ச் சேர உலர்மணலைக் கடந்தாக வேண்டுமே என்பதுதான் உண்மையான சிக்கல். நடைபாதையோ மரப்பலகை வழியோ நீரருகே வரை செல்லும் கடற்கரையாகப் பாருங்கள். சில இடங்களில் அகன்ற சக்கரங்கள் கொண்ட நாற்காலியும் கிடைக்கும்.

கேள்வி: கூட்டமே இல்லாத, யாரும் அறியாத கடற்கரைகளைத் தேடிப் போக எங்களுக்கு ஆசை. உங்கள் கருத்து?

முதலில், அங்கே ஏன் கூட்டமில்லை என்று உள்ளூர் மீனவர்களிடம் கேளுங்கள். பாதை கடினமாக இருப்பதுதான் காரணம் என்றால் நல்லது. ‘அங்கே யாரும் இறங்குவதில்லை’ என்று அவர்கள் சொன்னால், அதற்கு மேல் வேறு சான்று தேவையில்லை. கைபேசி இணைப்பும் உயிர்காப்பு வீரரும் இல்லாத கரையில் நடை, படம் எடுத்தல், பறவை பார்த்தல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். கடலாமைகள் முட்டையிடும் பருவமாக இருந்தால், இரவில் விளக்கும் கைபேசி ஒளியும் அவற்றையும் குஞ்சுகளையும் திசை தடுமாறச் செய்யும் என்பதை மறவாதீர்கள்.

செங்குத்துப் பாறையின் அடிவாரம் வழியாக மட்டுமே சென்றடையக்கூடிய சிறு மணல் துண்டுகளுக்குப் போவதானால், கடல் வற்றிக்கொண்டிருக்கும்போது புறப்பட்டு, முழுவதும் வற்றுவதற்கு முன்பே திரும்பத் தொடங்கிவிடுங்கள். ஏற்றம் தொடங்கிவிட்டால் வந்த வழி மூடிக்கொள்ளும். பாறைச் சுவரில் பாசியும் சிப்பியும் எந்த உயரம் வரை ஒட்டியிருக்கின்றன என்று பாருங்கள். அந்த உயரம் வரை கடல் வழக்கமாக வந்து போகிறது. அது உங்கள் தலைக்கு மேலே இருக்குமானால், அங்கே விரிப்பை விரித்து உட்காரக் கூடாது.