நாடகப் பாத்திரத்தை ஆராய்வது எப்படி? இப்சனின் நோராவை முன்வைத்து ஒரு விளக்கம்

கேள்வி: முதுகலை ஆங்கில இலக்கியம் பயில்கிறேன். நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தில் நோராவின் பாத்திரப் படைப்பைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைக் கதைச்சுருக்கம் என்று பேராசிரியர் திருப்பித் தந்துவிட்டார். பாத்திரத்தை எப்படித்தான் ஆராய்வது?

பதில்: நாவலில் கதைசொல்லி குறுக்கிட்டு, இவள் இப்படிப்பட்டவள் என்று சொல்லிவிடலாம். நாடகத்தில் அந்த வசதி இல்லை. ஆகவே, ‘நோரா வெகுளி, அன்பானவள், துணிச்சல்காரி’ என்று அடைமொழிகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பவத்தைச் சான்று காட்டும் முறையை முதலில் கைவிடுங்கள். பள்ளித் தேர்வில் மதிப்பெண் வாங்கித் தந்த அந்த முறைதான் உங்களைக் கதைச்சுருக்கத்தில் கொண்டுபோய்த் தள்ளுகிறது. பாத்திரம் பேசும் வரியைத் தன்னைப் பற்றி அது தரும் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளாமல், எதிரில் இருப்பவரிடம் ஏதோ ஒன்றைச் சாதித்துக்கொள்ளச் செய்யும் செயலாக எடுத்துக்கொண்டு, யாரிடம், எந்த நேரத்தில், எதற்காக இந்தப் பேச்சு என்று கேளுங்கள்.

முதல் அங்கத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். கிறிஸ்துமஸ் பொருள்கள் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் நோரா, பையிலிருந்து மக்ரூன் என்னும் இனிப்பை எடுத்து ஒன்றிரண்டு தின்றுவிட்டு, ஓசைப்படாமல் நடந்துபோய்க் கணவனின் அறைக் கதவருகே நின்று காதுகொடுத்துக் கேட்கிறாள். (தூத்துக்குடிக்காரர்களுக்கு மக்ரூனை விளக்க வேண்டியதில்லை, ஐரோப்பாவில் அது பாதாமில் செய்வது.) இவையெல்லாம் அரங்கக் குறிப்பில் வருபவை, பலரும் படிக்காமல் தாண்டிப்போகும் பகுதி அது. சற்று நேரத்தில் கணவன் ஹெல்மர், மிட்டாய்க் கடைப் பக்கம் போனாயா என்று செல்லமாக விசாரிக்க, இல்லவே இல்லை என்கிறாள். உங்கள் விருப்பத்துக்கு மாறாக நடப்பேனா என்றும் சேர்த்துக்கொள்கிறாள். தின்பண்டம்கூடத் தடைசெய்யப்பட்ட வீடு அது என்பதும், அந்தத் தடையை மீறுவதும் மறைப்பதும் அவளுக்குக் கைவந்த பழக்கம் என்பதும், யாரும் எடுத்துச் சொல்லாமலே நமக்குத் தெரிந்துவிடுகின்றன.

இதை வைத்து ‘நோரா பொய் சொல்பவள்’ என்று எழுதினால் ஆய்வு அங்கேயே நின்றுவிடும். அதே அங்கத்தில் தோழி லிண்டேயிடம் அவள் உண்மையை உடைக்கிறாள்: நோயுற்ற கணவனை இத்தாலிக்கு அழைத்துச்செல்லத் தானே கடன் வாங்கினாள், அதை அடைக்க இரவில் கண்விழித்துப் படியெடுக்கும் வேலை செய்தாள், அப்படிச் சம்பாதித்தபோது ஏறக்குறைய ஓர் ஆணைப்போல உணர்ந்தாள். இத்தனையும் ஏன் இப்போது வெளிவருகிறது? நீ இன்னும் குழந்தைதான் என்று லிண்டே சொல்லிவிட்டாள். அது நோராவைச் சீண்டிவிட்டது. கணவனிடம் குழந்தையாக இருப்பதால் காரியம் நடக்கிறது. தோழியிடம் அப்படி இருப்பது அவமானமாகிறது. நோராவின் குணம் இந்த இரண்டு பேச்சுகளுக்கும் நடுவில் இருக்கிறது. உங்கள் கட்டுரையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு பாத்திரத்தைப் பற்றிப் பிறர் சொல்வது, பெரும்பாலும் சொல்பவரைப் பற்றிய சான்றாகவே அமையும். ‘வானம்பாடி’, ‘அணில்’ என்று ஹெல்மர் கொஞ்சும் பெயர்கள் நோராவைவிட ஹெல்மரையே அதிகம் காட்டுகின்றன.

ஹெல்மருக்கும் இதே அளவுகோல்தான். மூன்றாம் அங்கத்தில், உனக்கொரு பேராபத்து வராதா, உனக்காக என் உயிரையே பணயம் வைக்க மாட்டேனா என்று பலமுறை ஏங்கியிருப்பதாக அவன் உருகுகிறான். அதன்பின் நோராவுக்குக் கடன் கொடுத்த கிரோக்ஸ்டாட்டின் கடிதத்தைப் பிரித்து, கடன் பத்திரத்தில் அவள் தன் தந்தையின் கையெழுத்தைத் தானே போட்ட செய்தியைப் படித்ததும், பொய்காரி, குற்றவாளி என்று வசைபாடுகிறான். இரண்டாம் கடிதத்தோடு பத்திரம் திரும்பி வந்தவுடன் அவன் வாயில் வருவது, ‘நான் தப்பித்தேன்!’ என்பது. ‘அப்படியானால் நான்?’ என்று நோரா கேட்ட பிறகே, ‘நீயும்தான்’ என்கிறான். அந்தத் தன்மை ஒருமையைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதலாம், எழுதுங்கள்.

பாத்திரம் மாறுகிறதா என்பதற்கும் தடயங்களைப் பேச்சிலும் செயலிலுமே தேடுங்கள். இறுதியில் நோரா விருந்துக்குப் போட்டிருந்த வேடத்தைக் களைந்து அன்றாட உடைக்கு மாறுகிறாள். கணவனை மேசைக்கு எதிரே உட்காரச் சொல்கிறாள். கெஞ்சலும் கொஞ்சலும் நின்று, அவள் வாக்கியங்கள் குறுகுகின்றன. பிறகு கணவனையும் குழந்தைகளையும் விட்டு வெளியேறுகிறாள்.

கட்டுரையை முடித்ததும் ஒரு சோதனை செய்யலாம். 1879-இல் வெளிவந்த இந்நாடகத்தை ஜெர்மனியில் மேடையேற்றியபோது, குழந்தைகளை விட்டுப் போகும் தாயாக நடிக்க முடியாது என்று நடிகை ஒருவர் மறுத்தார். வேறொருவர் கைவைப்பதைவிடத் தானே மாற்றுவது மேல் என்று இப்சன் வேறொரு முடிவை எழுதித் தந்தார். அதைக் கடுமையாகக் கண்டித்தவரும் அவரே. அதில், உறங்கும் குழந்தைகளைப் பார்க்கும் நோரா வெளியேறாமல் தளர்ந்து விழுகிறாள். முந்தைய காட்சிகளில் ஒரு வரியும் மாறவில்லை. உங்கள் கட்டுரை அந்த முடிவுக்கும் அப்படியே பொருந்துமானால், நோராவைப் பற்றி நீங்கள் இன்னும் எழுதத் தொடங்கவில்லை. மறுபடி முதல் அங்கத்துக்குப் போங்கள்.