கோமாளி மீனும் அனிமோனும் பவளங்களுடன் ஒரே தொட்டியில்: கேள்வி பதில்

வந்துள்ள கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். நான் நெடுங்காலமாக வளர்த்துவருபவை கொட்டும் உணர்கைகள் கொண்ட கடலுயிர்களான அனிமோன்களும், பவளங்களும்தான். எனவே மீன்களின் நோய்களைப் பற்றி என்னிடம் விரிவான பதிலை எதிர்பார்க்க வேண்டாம். தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை: அனிமோன் இருக்கும் தொட்டியில், நீரோட்டம் உண்டாக்கும் பம்பான வேவ்மேக்கர் ஒவ்வொன்றுக்கும் உறை போட்டிருக்க வேண்டும். இதை மறுபடியும் சொல்வேன்.

கேள்வி: ஐயா, என் தொட்டி 300 லிட்டர். அக்ரோபோரா, ஹேமர், ஸோவாந்திட் எனப் பவளங்கள் நிறைந்து வளர்ந்துவிட்டன. ஒரு ஜோடி ஒசெல்லாரிஸ் கோமாளி மீன்கள் இருக்கின்றன. இப்போது ஒரு பபுள் டிப் அனிமோன் வாங்க விரும்புகிறேன். அதை எந்த இடத்தில் வைப்பது?

பதில்: நீங்கள் வைக்கும் இடத்தில் அது இருக்கும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். பவளம் ஒட்டிய இடத்திலேயே வளரும். அனிமோனுக்குப் பாதம் உண்டு, அது நடக்கும். வெளிச்சம் போதவில்லை, நீரோட்டம் பிடிக்கவில்லை, பாதத்தை நுழைத்துக்கொள்ள ஆழமான பிளவு கிடைக்கவில்லை என்றால், இரவோடு இரவாக எழுந்து வேறிடம் தேடிப் போய்விடும். போகும் வழியில் தொடும் பவளங்களை எல்லாம் அதன் உணர்கைகள் கொட்டிக்கொண்டே போகும். பெரும்பாலான பவளங்கள் அந்தக் கொட்டுக்கு ஈடுகொடுக்க முடியாதவை. அக்ரோபோராவில் தொட்ட இடமெல்லாம் சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரியும்.

ஆகவே, முதலில் அனிமோன் குடியேற வேண்டும், அது நிலைகொண்ட பிறகே அதைச் சுற்றிப் பவளங்களை அடுக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அனிமோன் ஓரிடத்தில் பல மாதங்கள் அசையாமல் இருந்து, முழுமையாக விரிந்து எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்று தெரிந்த பின், அதற்கு அப்பால் குறைந்தது ஒரு சாண் இடைவெளி விட்டுப் பவளங்களை வைக்கலாம். உங்களுடையது இதற்கு நேர்மாறான நிலைமை. பாறை முழுவதும் ஏற்கெனவே குடியேற்றப்பட்டிருக்கிறது. புதிதாக வரும் அனிமோன் எந்தப் பக்கம் நடந்தாலும் ஏதோ ஒரு பவளத்தின் மீதுதான் நடக்கும்.

ஆசையை விட முடியாவிட்டால் ஒரு வழி உண்டு. முக்கியப் பாறை அடுக்கிலிருந்து விலகி, சுற்றிலும் வெறும் மணல் இருக்கும்படி ஒரு தனிப் பாறையை வையுங்கள். அந்தப் பாறையில் பாதம் முழுவதும் உள்ளே போகக்கூடிய துளை இருக்க வேண்டும். பபுள் டிப் பாறையைப் பற்றி வாழும் இனம். வெறும் மணலைக் கடக்க அது தயங்கும். தயங்கும் என்றுதான் சொல்கிறேன், கடக்காது என்று சொல்லவில்லை. விட்ட அன்று வேவ்மேக்கர்களின் வேகத்தைக் குறைத்து, அது பாதத்தை ஊன்றிய பிறகு மெல்ல உயர்த்துங்கள். உறை போட்டிருக்கிறீர்கள் அல்லவா? உறையில்லாத பம்பு உறிஞ்சி அரைத்த அனிமோன், அது மட்டும் சாவதோடு நிற்பதில்லை; அதன் சதைத் துணுக்குகள் நீரெங்கும் பரவி, அம்மோனியா ஏறி, மற்ற உயிர்களையும் கொண்டுபோய்விடும்.

கேள்வி: அனிமோன் இல்லாமல் கோமாளி மீன் வாழுமா?

பதில்: தொட்டியில் தாராளமாக வாழும், முட்டையும் இடும். கடலில் அனிமோன் இல்லாவிட்டால் அதைப் பெரிய மீன்கள் தின்றுவிடும்; உங்கள் தொட்டியில் அதைத் தின்ன யாரும் இல்லை.

கேள்வி: அனிமோன் வாங்கி இரண்டு மாதங்கள் ஆகின்றன. என் ஒசெல்லாரிஸ் ஜோடி அதன் பக்கமே போவதில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் அனிமோன் பபுள் டிப்பாக இருந்தால், மீன்கள் செய்வதில் வியப்பில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அனிமோன் இனங்களில் கோமாளி மீன்கள் குடியிருப்பவை பத்து மட்டுமே; அந்தப் பத்திலும் ஒவ்வொரு மீன் இனத்துக்கும் தனித்தனி விருப்பங்கள் உண்டு. ஒசெல்லாரிஸ் கடலில் குடியிருப்பது மாக்னிஃபிகா எனப்படும் பெரிய அனிமோனிலும், ஜைகாண்டியா, மெர்டென்சி என்ற இரண்டு கார்பெட் இனங்களிலும்தான். பபுள் டிப் அதன் இயற்கை வீடு அன்று. மரூன் கோமாளிக்குத்தான் அது சொந்த வீடு. மரூனைப் பபுள் டிப்புடன் விட்டால் சில நிமிடங்களிலேயே உள்ளே போய்ப் படுத்துக்கொள்வதைப் பார்க்கலாம்.

இருந்தாலும், தொட்டியில் பிறந்து வளர்ந்த ஒசெல்லாரிஸ்களில் பல நாளடைவில் பபுள் டிப்பை ஏற்றுக்கொள்கின்றன. அதற்கு ஒரு நாள் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். முதலில் வாலாலும் வயிற்றாலும் லேசாக உரசி, விலகி, மறுபடி உரசிப் பழகும். கொட்டும் செல்கள் ஏன் அதன் மேல் வெடிப்பதில்லை என்பதற்கு அதன் உடல்மேல் உள்ள கோழைதான் விடை. மற்ற மீன்களின் கோழையில் உள்ள சியாலிக் அமிலம் கோமாளி மீனின் கோழையில் மிகக் குறைவாகவே இருக்கிறது. அந்த அமிலம் கொட்டும் செல்களைத் தூண்டிவிடக்கூடிய பொருள்களில் ஒன்று. பழக்கத்தால் வரும் பாதுகாப்பும் இதனோடு சேருகிறது. எனவே, அனிமோன் படத்தைக் கண்ணாடியில் ஒட்டிவைப்பது, மீனை வலையில் பிடித்து அனிமோனுக்குள் தள்ளுவது போன்ற வேலைகளை விட்டுவிடுங்கள். முதலாவது வீண் வேலை, இரண்டாவது கொடுமை.

கேள்வி: என் கோமாளி மீன் அனிமோனை விட்டுவிட்டு ஹேமர் பவளத்தில் படுத்துக்கொள்கிறது. பவளத்துக்குக் கேடு வருமா?

பதில்: பவளத்தின் அளவைப் பொறுத்தது. பல தலைகள் கொண்ட, நன்கு வளர்ந்த ஹேமர், டார்ச், தோல் பவளம் ஆகியவை இந்த உரசலைத் தாங்கிக்கொள்ளும். ஒன்றிரண்டு தலைகள் மட்டுமே உள்ள சிறு துண்டானால், மீன் ஓயாமல் உரசுவதால் சதை விரியாமல் சுருங்கியே இருக்கும். நாளடைவில் எலும்பிலிருந்து சதை விலகிவிடும். தொடர்ந்து சில நாட்கள் பவளம் விரியவில்லை என்றால் அதை மீனுக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். மீனைத் திருத்த முடியாது.

கேள்வி: தொட்டி வைத்து மூன்று வாரங்கள் ஆகின்றன. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம். அனிமோன் விடலாமா?

பதில்: விட வேண்டாம். ஆறு மாதங்களாவது, முடிந்தால் ஓராண்டாவது போகட்டும்.

மறுப்பு: ஐயா, இந்த ஆறு மாதக் கணக்கு எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சொல்வது. நான் மூன்றாம் வாரத்தில் விட்டேன். இரண்டு மாதங்களாக அனிமோன் உயிரோடு இருக்கிறது. நைட்ரஜன் சுழற்சி முடிந்த பிறகு காத்திருக்க என்ன காரணம்?

பதில்: நல்ல கேள்வி, இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். சுழற்சி முடிந்தது என்றால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகிவிட்டன என்பது மட்டுமே பொருள். அனிமோனுக்கு வேண்டியது அதற்கும் மேலானது: உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 என்ற அளவிலும், வெப்பம் 25 முதல் 26 டிகிரியிலும், காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) அளவிலும் நாள் தவறாமல் நிலையாக இருக்க வேண்டும். புதிய தொட்டியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஒரு வாரம் ஏறும், மறுவாரம் சுழியத்தைத் தொடும். பழுப்புப் பாசி, பச்சைப் பாசி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். சத்து முற்றிலும் வற்றினால் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் பரவும். இத்தனை ஏற்ற இறக்கங்களையும் ஓரிடத்தில் நின்றபடி தாங்க வேண்டியது உங்கள் அனிமோன்தான்.

இரண்டு மாதங்கள் உயிரோடு இருப்பது சான்றாகாது. அனிமோன் மீனைப் போல ஒரே நாளில் சாவதில்லை. பட்டினி கிடந்தாலும், உள்ளே வாழும் பாசியை இழந்தாலும், தன் சதையையே கரைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சுருங்கிச் சுருங்கி வாழும். வாங்கிய நாளில் இருந்த அகலத்தையும் இன்றைய அகலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், அதுதான் சான்று.

இன்னொருவர்: இருவர் சொல்வதும் முழுமையாக இல்லை. நான் என் பழைய தொட்டியின் பாறைகளையும் மணலையும் புதிய தொட்டிக்கு மாற்றி, ஒரு மாதத்தில் அனிமோனை விட்டேன். அது வளர்ந்து இரண்டாகவும் பிரிந்துவிட்டது. மாதக் கணக்குக்கு என்ன மதிப்பு?

பதில்: உங்கள் தொட்டிக்குக் கண்ணாடி மட்டும்தான் புதிது, பாறையும் மணலும் அவற்றில் வாழும் உயிர்களும் பழையவை, வளர்ப்பவரின் கையும் பழகிய கை. அதைப் புதிய தொட்டி என்று நான் கணக்கிட மாட்டேன். மாதக் கணக்கு ஒரு வசதிக்காக வைத்துக்கொண்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உண்மையில் பார்க்க வேண்டியவை வேறு: வாரந்தோறும் எடுத்த காரத்தன்மை அளவுகள் ஏறத்தாழ ஒரே கோட்டில் இருக்கின்றனவா, பாறையில் ஊதா நிறக் கோரலைன் பாசி தானாகப் பரவுகிறதா, எளிதாக வளரும் பவளங்கள் புதிய தலைகளை விடுகின்றனவா. இந்த மூன்றுக்கும் ஆம் என்ற பதில் கிடைத்தால் நாள்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை.

முதலில் மறுத்தவர்: அப்படியானால் என் வாதம்தானே சரி?

பதில்: இல்லை. பல மாத நிலைத்தன்மைக்கான சான்றை மூன்று வாரத் தொட்டியிலிருந்து யாராலும் எடுத்துக்காட்ட முடியாது. உலர்ந்த பாறையும் புதிய மணலும் வைத்துத் தொடங்கியவருக்கு அந்தச் சான்று காலப்போக்கில் மட்டுமே கிடைக்கும். அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறோம். அகலத்தை அளந்துவிட்டு வாருங்கள், மேற்கொண்டு பேசலாம்.

கேள்வி: தூய வெள்ளை நிறத்தில் ஒரு அனிமோன் விற்பனைக்கு வந்திருக்கிறது. உணர்கைகளின் நுனி ஊதா. அரிய வகையா?

பதில்: அரிய வகை அன்று, உள்ளே வாழும் சூசாந்தெல்லே பாசியை இழந்து வெளுத்துப்போன அனிமோன். அந்தப் பாசி ஒளியிலிருந்து உண்டாக்கித் தரும் உணவுதான் அதன் முதன்மை வருவாய். கூசும் மஞ்சள் நிறத்தில் விற்கப்படுபவற்றில் பல, வெளுத்த அனிமோனுக்குச் சாயம் ஏற்றியவை. புதியவர்கள் வாங்க வேண்டாம். பாதத்தில் கிழிசல் இல்லாமல், வாய் இறுக மூடி, தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும் பழுப்பு அல்லது பச்சைப் பபுள் டிப்பைத் தேர்ந்தெடுங்கள். தொட்டியிலேயே பிரிந்து வளர்ந்ததாக இருந்தால் மிக நல்லது. 1828ஆம் ஆண்டு கடலிலிருந்து எடுத்து எடின்பரோவில் கண்ணாடிச் சாடியில் வளர்க்கப்பட்ட ஒரு சிறிய அனிமோன் 1887 வரை உயிரோடு இருந்தது. அதை வளர்த்த ஜான் டேலியல் அதற்கு வெகுகாலம் முன்பே காலமாகிவிட்டார். நம் தொட்டிகளில் இவை ஓராண்டுக்குள் சாவதை இயற்கை என்று ஏற்றுக்கொள்வது சரியில்லை.

கேள்வி: அனிமோன் மாலையில் சுருங்கி, வாயிலிருந்து பழுப்பு நிறக் கழிவைத் தள்ளுகிறது. சாகப்போகிறதா?

பதில்: கழிவை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். சில மணி நேரத்தில் விரிந்துவிடும். வாய் நாள்முழுதும் திறந்தே இருந்து, சதை நூல்நூலாகப் பிரிந்து, துர்நாற்றம் வீசினால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். காத்திருந்தால் தொட்டியையே இழப்பீர்கள்.

கேள்வி: எவ்வளவு உணவு தர வேண்டும்?

பதில்: வாரம் ஒரு முறை, வாயின் அகலத்தைவிடச் சிறிய இறால் துண்டு ஒன்று. பெரிய துண்டுகளை அது விழுங்கி, சில மணி நேரம் கழித்துச் செரிக்காமல் துப்பிவிடும். கோமாளி மீன் குடியேறிவிட்டால் அதன் கழிவில் உள்ள அம்மோனியாவே உள்ளிருக்கும் பாசிக்கு உரமாகும்.

கேள்வி: மீனின் மேல் வெள்ளைப் புள்ளிகள். தொட்டியில் செம்பு மருந்து ஊற்றலாமா?

பதில்: கூடவே கூடாது. செம்பு அனிமோனையும் பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும், பாறையிலும் படிந்துவிடும். மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றுங்கள். மருத்துவத்தை மீன் நோய் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஜோடியாக உள்ள கோமாளி மீன்களுடன் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். பெரியது பெண், அடுத்தது ஆண்; மூன்றாவதை இரண்டும் சேர்ந்து மூலையில் ஒதுக்கிக் கொன்றுவிடும்.

கேள்வி: என் தொட்டிக்கு ஒரு மாதம் ஆகிறது. அனிமோன் விடலாமா?

பதில்: மேலே உள்ள விவாதத்தைப் படிக்கவும்.

கேள்வி: தொட்டிக்கு ஐந்து வாரங்கள்...

பதில்: மேலே உள்ளதையே படிக்கவும். பம்புகளுக்கு உறையும் போடவும்.

கேள்வி: ஐயா, எனக்கு எதிர்ப்பக்கச் சிக்கல். மூன்று ஆண்டுகளுக்கு முன் விட்ட ஒரு பபுள் டிப் இப்போது ஏழாகப் பிரிந்து, பவளங்களுக்குள் நுழைகிறது. பாறையிலிருந்து கிழிக்காமல் எடுப்பது எப்படி?

பதில்: இன்றைய கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். பாதத்தை இழுத்துப் பிடுங்காதீர்கள். பெரிய கிழிசல் ஏற்பட்டால் பெரும்பாலும் பிழைக்காது. பாறை சிறிதாக இருந்தால் தொட்டிநீர் நிரம்பிய வாளிக்கு மாற்றி, பாதத்தின் ஓரத்தை நகத்தாலோ மழுங்கிய பிளாஸ்டிக் அட்டையாலோ மெதுவாக நெம்புங்கள். சிறிது விலகியதும் நிறுத்திக் காத்திருந்தால், அதுவே பிடியைத் தளர்த்தும். பாறையை எடுக்க முடியாவிட்டால், ஒரு சிறிய பம்பின் வீச்சை நேராகப் பாதத்தின் மேல் திருப்பி இரண்டு நாட்கள் விட்டுவிடுங்கள். தொல்லை பொறுக்காமல் நடக்கத் தொடங்கும், அப்போது எடுத்துக்கொள்ளலாம். ஆழ்ந்த துளைக்குள் போய்விட்டதை உளியால் பாறைத் துண்டோடு சேர்த்துப் பெயர்ப்பதுதான் பாதுகாப்பான வழி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வெளியே எடுத்தவை நடமாடும் காலத்தில் பவளங்களுக்கு அருகே இருக்க வேண்டாம். ஏழில் இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை நிலைபெற்ற தொட்டி உள்ளவர்களுக்குக் கொடுங்கள். கடலிலிருந்து பிடித்ததை வாங்குபவர்கள் அந்த அளவுக்குக் குறைவார்கள்.