மரத்தரையில் குளியலறை டைல்ஸ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: டொரொண்டோவில் பழைய வீடு வாங்கியிருக்கிறோம். மாடிக் குளியலறையின் தரை பிளைவுட். அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாமா?

வேண்டாம். ஊரில் கான்கிரீட் தளத்தில் டைல்ஸ் பதிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வீண் செலவாகத் தோன்றும். ஆனால் மரம் ஈரத்தில் உப்பும்; குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது சுருங்கும். டைல் அப்படி அசையாது. எனவே நடுவில் கால் அங்குல சிமென்ட் போர்டு போடுங்கள். பல் வெட்டிய கரணையால் பிளைவுட்டின் மேல் தின்செட் கலவையை (டைல் ஒட்டும் சிமென்ட் கலவை) இழுத்து, அது ஈரமாக இருக்கும்போதே போர்டை வைத்து, சுமார் 8 அங்குலத்துக்கு ஒரு ஸ்குரூ முடுக்குங்கள். அடியில் கலவை போடாமல் ஸ்குரூ மட்டும் முடுக்கும் வழக்கத்தை எந்த வேலைக்காரர் சொன்னாலும் ஏற்காதீர்கள். அடியில் வெற்றிடம் விட்டால் போர்டு மிதிக்க மிதிக்க அமுங்கும். போர்டுகளின் இணைப்பில் வலைநாடா ஒட்டி, அதன்மேல் கலவை பூசுவதும் கட்டாயம்.

கேள்வி: நடந்தால் தரை லேசாக ஆடுகிறது. போர்டு போட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. சிமென்ட் போர்டு தரைக்கு உறுதி தராது. ஆட்டம் அடியில் தாங்கும் ஜாயிஸ்ட் கட்டைகளில் இருக்கிறது. பொதுவான விதி இது: கட்டையின் நீளத்தை 360-ஆல் வகுத்தால் வரும் அளவைவிட அதிகமாக அது தொய்யக் கூடாது. 12 அடிக் கட்டைக்கு இது 0.4 அங்குலம். பளிங்கு, கிரானைட் போன்ற இயற்கைக் கல் என்றால் அதிலும் பாதிதான். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒருவரை நடக்கச் சொல்லுங்கள். தண்ணீர் தளும்பினால் முதலில் கட்டைகளைப் பலப்படுத்துங்கள், டைல்ஸ் பிறகு.

கேள்வி: போட்டு ஓராண்டுதான். குரௌட் (டைல்களின் இடுக்கில் நிரப்பும் கலவை) ஒரே நேர்கோட்டில் வெடிக்கிறது. மறுபடி பூசினால் போதுமா?

மறுபடியும் வெடிக்கும். நேர்கோட்டு வெடிப்பு என்றால் பெரும்பாலும் கீழே பலகைகள் சேரும் இடம் அசைகிறது. ஒரு டைலைப் பெயர்த்துப் பாருங்கள். அதன் முதுகு சுத்தமாக இருந்து, தரையில் கலவை உழுத சால்போல அப்படியே காய்ந்து கிடந்தால், டைலைக் கலவையில் அழுத்திப் பதிக்கவே இல்லை என்று பொருள். அப்படியானால் முழுவதும் பெயர்க்க வேண்டியதுதான். வருத்தமான பதில்தான், ஆனால் பூசி மறைத்தால் செலவு இரட்டிப்பாகும். புதிதாகப் போடும்போது சுவரோரம் கால் அங்குல இடைவெளி விட்டு, அங்கே குரௌட்டுக்குப் பதில் வளைந்துகொடுக்கும் சிலிகோன் பசை நிரப்புங்கள்.

கேள்வி: சிமென்ட் போர்டு தண்ணீரைத் தடுக்குமா?

தடுக்காது. நனைந்தாலும் கெடாது, அவ்வளவே. ஈரம் அதன் வழியே மரத்துக்கு இறங்கும். நீர்த்தடுப்புப் பூச்சு தனியாகப் பூசுங்கள். அதற்கு முன், டாய்லெட்டைக் கழற்றியதும் அதைச் சுற்றியுள்ள மரத்தை ஸ்குரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். முனை மெத்தென்று இறங்கினால் அந்தத் துண்டை அறுத்தெடுத்துப் புதுப் பலகை வைத்த பிறகே மற்ற வேலை.