வாசகர் கேள்வி – பதில்: அரைமனதும் முழுமனதும்

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். சபையில் பாடகர் குழுவில் இருக்கிறேன், தசமபாகமும் தவறியதில்லை. அண்மையில் நடந்த உபவாசக் கூட்டத்தில், முழு இருதயத்தையும் ஆண்டவருக்குக் கொடுக்கும்படி ஊழியர் அழைத்தபோது, தொழிலை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போக வேண்டும் என்று ஏவப்பட்டேன். சீசனில் எல்லோரையும் போல நாங்களும் கார்பைடு கல் வைத்துத்தான் பழுக்க வைக்கிறோம், இல்லாவிட்டால் கட்டுப்படியாகாது. மண்டியை விட்டால்தான் நான் முழுமனதுள்ளவனாக முடியுமா?
– ஒரு சகோதரர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரரே, தாங்கள் கேள்வியாகக் கேட்டிருப்பது ஒன்று, போகிற போக்கில் எழுதியிருப்பது இன்னொன்று. கேள்விக்குப் பதில் எளிது. பிலிப்பியில் இரத்தாம்பரம் விற்ற லீதியாளை யாரும் கடையை மூடச் சொல்லவில்லை; பவுலே கொரிந்துவில் ஆக்கில்லாவோடு கூடாரம் பண்ணிப் பிழைத்தார். எலிசாவோ, தீர்க்கதரிசி எலியா அழைத்தபோது, ஏர்மாடுகளை அடித்து, ஏர்மரத்தையே விறகாக்கிச் சமைத்து, ஜனங்களுக்குப் பரிமாறிவிட்டுப் புறப்பட்டார். அழைப்பு அவரவருக்கு வேறு.

போகிற போக்கில் எழுதியதைப் படித்தபோது யூதாவின் ராஜாவாகிய அமத்சியா நினைவுக்கு வந்தார். கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தும், முழுமனதோடே செய்யவில்லை என்று 2 நாளாகமம் 25-ஆம் அதிகாரம் அவரைக் குறித்துச் சொல்கிறது. ஏதோமியரோடு போரிட, நூறு தாலந்து வெள்ளி கொடுத்து இஸ்ரவேலில் ஒரு லட்சம் பேரைக் கூலிப்படையாகச் சேர்த்திருந்த அவரிடம், அவர்களை அனுப்பிவிடும்படி தேவனுடைய மனுஷன் சொன்னபோது, முதலில் அவர் கேட்டது, கொடுத்த நூறு தாலந்துக்கு என்ன செய்வது என்பதே. தங்களுடைய ‘கட்டுப்படியாகாது’ என்ற சொல்லும் அதே கணக்குதான். ஆனாலும் அவர் கீழ்ப்படிந்தார், பணம் போயிற்று, போதாக்குறைக்கு, திருப்பி அனுப்பப்பட்ட படை கோபங்கொண்டு யூதாவின் பட்டணங்களில் மூவாயிரம் பேரை வெட்டிக் கொள்ளையடித்தது. கீழ்ப்படிந்தவனுக்கு நஷ்டமே வராது என்று மேடையில் சொல்லுகிறவர்கள் இந்தப் பகுதியை ஏனோ வாசிப்பதில்லை. இவ்வளவையும் தாங்கிய அதே மனிதர், ஏதோமியரை வென்று திரும்பும்போது, அவர்களுடைய தெய்வங்களைக் கொண்டுவந்து வைத்துப் பணிந்துகொண்டார். ஆகவே எவ்வளவு பெரியதை விட்டோம் என்பது முழுமனதுக்கு அளவாகாது. எதை விடாமல் ஒதுக்கி வைத்தோம் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பழக்கூடைக்குள் காகிதப் பொட்டலமாக வைக்கும் அந்தக் கல், ஈரம் பட்டதும் அசிட்டிலின் வாயுவை விடுகிறது. தோல் மஞ்சளாகிறது, உள்ளே சதை புளிப்பாகவே நிற்கிறது. ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும் என்பதால், கார்பைடு கொண்டு பழுக்க வைப்பதை 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடை செய்துள்ளன. எத்திலின் வாயு அறைக்கு, பத்து லட்சத்தில் 100 பங்கு அளவு வரை அனுமதி உண்டு. வைக்கோலில் அடுக்கிப் பொறுத்திருக்கும் பழைய முறையும் உண்டு. நாள் கூடும், லாபம் குறையலாம். மண்டியைத் துறப்பது கூட்டத்தில் சாட்சியாகச் சொல்லத்தக்க செயல். கல்லை விடுவதையோ வாங்குகிறவர்கூட அறியமாட்டார். இந்த சீசனில் கல் இல்லாமல் வியாபாரம் செய்து பாருங்கள். ஊழிய அழைப்பு தேவனிடமிருந்து வந்ததானால், அது அதற்குள் அழிந்துபோகாது. அதன் பின்பு தங்கள் போதகரோடும் வீட்டாரோடும் அமர்ந்து பேசலாம்.

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இரவு ஷிஃப்டு வரும் வாரங்களில் அதிகாலை ஜெபம் விட்டுப்போகிறது. அரைமனதுள்ளவளாகிவிட்டேனா?
– ஒரு சகோதரி, ஓசூர்

பதில்: இல்லை, சகோதரி. விடியற்காலையில்தான் ஜெபிக்க வேண்டும் என்று வேதம் கட்டளையிடவில்லை. பவுலும் சீலாவும் சிறைக்குள் ஜெபித்தது நடுராத்திரியில். வேலை முடிந்து வந்ததும் முதலில் தூங்குங்கள், எழுந்தபின் ஜெபியுங்கள். இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் ஊழியக்காரரை நோக்கிப் பாடப்பட்டது 134-ஆம் சங்கீதம். மூன்றே வசனங்கள் என்பதால், கம்பெனி பஸ் ஆலை வாசலை அடைவதற்குள் வாசித்துவிடலாம்.